மூலிகைத் தோட்டத்தில் அக்காவின் சிறுநீரகம்

மூலிகைத் தோட்டத்தில் வழிகாட்டி வேலைக்கு வாய்தான் மூலதனம். ஆனால் வழிகாட்டியே நோயாளி மாதிரி தெரிந்தால் ஒரு போத்தல்கூட விற்காது. கண்டிக்கு வடக்கே பலாபத்வலையில் மெயின் ரோட்டோரத் தோட்டம் ஒன்றில், பஸ்ஸில் வந்திறங்கும் பயணிகளுக்கு ஏலத்தையும் மிளகையும் காட்டி எண்ணெயும் கசாயமும் விற்பவன் நான். அக்கா தந்த சிறுநீரகத்தோடு போன வருஷம் வேலைக்குத் திரும்பினேன். உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. நாட்டு மருந்தைத் தொடவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை. அதாவது, நான் விற்பதெல்லாம் எனக்கு ஆகாது. என்னைப்போல மாத்திரைப் பெட்டியோடு வேலைக்குப் போகும் அன்பர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.

கை நடுக்கம்

மாத்திரையால் கை நடுங்கும். எனக்கோ பயணிகளின் கழுத்தில் எண்ணெய் தடவிக் காட்டும் வேலை. மதுரையிலிருந்து வந்த பெரியவர் ஒருவரின் கழுத்தில் கை வைத்ததும் விரல்கள் தம்பாட்டில் ஆடின. மானம் போச்சு என்று நினைத்தேன். அவரோ கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, இந்த அதிர்வு வைத்தியம் எங்க ஊர்ல கிடையாதுப்பா. இன்னொரு அஞ்சு நிமிஷம்!"

பணிஸ் கன்னம்

ஸ்டீராய்ட் மாத்திரை என் முகத்தைப் பேக்கரிப் பணிஸ் மாதிரி ஊதவைத்தது. சீனி வியாதியும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. அந்த முகத்தோடு நின்று, உடம்பு மெலியும் மருந்தின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, முதல்ல நீங்கள் குடிச்சு மெலியுங்கோ. அடுத்த முறை வரேக்கை நான் வாங்கிறன்."

மூன்று நாள் கசாயம்

ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் பனி கொட்டிய வாரத்தில் எனக்குச் சளி பிடித்தது. கிளினிக்குக்குப் போகச் சோம்பல். பத்து வருஷம் ஊருக்கெல்லாம் சொன்ன பொய்யை நானே நம்பி, எங்கள் கசாயத்தை மூன்று நாள் குடித்தேன். கால் வீங்கியது, சிறுநீர் குறைந்தது, காய்ச்சல் வந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்கை. கசாயம் மாத்திரையின் வேலையைக் கெடுத்ததால், உடம்பு அக்காவின் சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கிவிட்டதாம். ஊசி மேல் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். வெட்கத்தில் அழுதேன்.

ரத்தோட்டைக்கு மேலே மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா, வேலையை விட்டுவிட்டு வந்து கட்டிலோரம் நின்றாள்.

"நீ பொழைக்கத்தான்டா என்னோடத குடுத்தேன். ஒன் கசாயத்த சோதிச்சுப் பாக்க இல்ல."

ஆறு போத்தல்

வேலைக்குத் திரும்பி வந்ததும், "விற்காவிட்டால் வேலை இல்லை" என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றைக்கே ஹட்டன் பெண் ஒருத்தி ஆறு போத்தல் கசாயத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணே, எங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி மாத்தி மூணு மாசம். கை நடுங்குது, மொகம் ஊதுது. இது குடிக்கலாந்தானே?"

கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் என் நடுங்கும் கையை அவள்முன் நீட்டினேன். "எனக்கும் மாத்தினதுதாம்மா. இதக் குடிச்சு நானே சாகப் பாத்தேன். நடுக்கத்த டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க."

அவள் ஆறையும் திருப்பி அடுக்கிவிட்டுப் போனாள். முதலாளி எழுந்து வந்து அலுமாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளையிலேருந்து நீ மெளகுப் பக்கம் நில்லு. அங்கதான் உண்மை சொன்னாலும் யாவாரம் நடக்கும்."

ஆக, சிறுநீரகம் மாற்றியபின் எனக்கு வந்த சிக்கல்களில் மாத்திரைக்கு அடங்காதது இந்த உண்மை பேசும் வியாதி ஒன்றுதான்.