மூன்றாம் நாள் வறுத்த மிளகாய்

வரமிளகாயை வெறும் மண்சட்டியில் வறுக்கும்போது கிளம்புகிற நெடி முதலில் மூக்குக்கு வராது, நேரே தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தும்மலும் கண்ணீரும் எதிர்வீட்டுக்காரியின் வசவும் அதற்குப் பிறகுதான். சேந்தமங்கலத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் மிளகு, சீரகம், மல்லி, மிளகாய் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'செலவு' என்றுதான் பெயர். அம்மா செலவு வறுத்து இடிக்கிற நாளில் நான் உரலை விட்டு நகரமாட்டேன். பொடியோ துவையலோ, காரமாக ஏதாவது இருந்தால் போதும், ஒரு சட்டி கம்மஞ்சோறு காலியாகிவிடும். "இவ நாக்குக்கு ஊட்டையே எழுதி வெக்கோணும்" என்று அத்தை, அதாவது பக்கத்து வீட்டிலிருந்த அப்பாவின் அக்கா, என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவாள். சரியான தீனிப்பண்டாரம் நான், அதை மறைப்பானேன்?

அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பி பழனிக்கு நாலு. எங்கோ யுத்தம் நடக்கிறது என்று பெரியவர்கள் பேசிக்கொண்ட காலம். பங்குனி வெயிலில் ஒரு நாள் தம்பிக்கு உடம்பு கொதித்தது. வெயில் காலத்தில் குழந்தைக்குச் சுரம் கண்டால், அது வெறும் காய்ச்சலா, மாரியாத்தாள் அம்மையாக இறங்கியிருக்கிறாளா என்று மூன்று நாள் பார்ப்பார்கள். அதுவரை வீட்டில் தாளிக்கக் கூடாது, மிளகாய் வறுக்கவே கூடாது, நெடி பட்டால் ஆத்தாள் சினந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடுவாள் என்று ஊரே நம்பியது. அம்மாவும் என் முகவாயைப் பிடித்துச் சொன்னாள்: "சாமி, தம்பிக்கு மேலு சுடுது. அடுப்புல எதையும் வறுத்துப்போடாதே, ஆத்தா கோவிச்சுக்குவா."

இரண்டு நாள் மோர்க்கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிடந்தேன். மூன்றாம் நாள் காலையில் தம்பிக்கு உடம்பு நன்றாகக் குளிர்ந்துவிட்டது. அம்மா நிம்மதியாக மூச்சு விட்டு, அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். காய்ச்சல்தான் விட்டுப்போயிற்றே, இனி என்ன என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, ஒரு பிடி கொள்ளும் ஆறேழு மிளகாயும் வறுத்து, பூண்டும் புளியும் வைத்து அம்மியில் அரைத்தேன். நெடியில் இருமிக்கொண்டே தம்பி எழுந்து வந்தான். "எனக்கு?" என்று கையை நீட்டினான். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். 'ஸ்ஸ்' என்று உறிஞ்சிவிட்டு, கண்ணில் நீரோடு, "இன்னும்" என்று சிரித்தான்.

அம்மா திரும்பி வந்தபோது அவன் நெற்றியில் கடுகு கடுகாகச் சிவந்திருந்தது. அதே நேரம் அத்தையும் வாசலில் நுழைந்தாள். அவள் முதலில் பிள்ளையைப் பார்க்கவில்லை, மூக்கைத்தான் சுளித்தாள்.

"அடப்பாவி! ஆத்தா வந்திருக்கற ஊட்டுல எந்தப் பாதகத்தி மொளகா வறுத்தது?"

மிளகாய்க் காரத்தில் எரிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். அம்மா அம்மியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தலையிலிருந்த கூடையைக்கூட இறக்கவில்லை.

"நாந்தானுங்க. தோட்டத்துக்குப் போறதுக்கு மிந்தி, கவனமில்லாம வறுத்துப்போட்டனுங்க."

பதினோராம் நாள் தம்பி போய்விட்டான். வேப்பிலைப் படுக்கையில் கிடந்த அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது அம்மாவை யாரும் தொட்டுத் தேற்றவில்லை. அப்பா அவளை அடிக்கவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டார். "எங்கூடப் பொறந்தவனுக்கு வாரிசில்லாமப் பண்ணிப்போட்டா" என்று அத்தை ஊர் ஊராகச் சொன்னாள். தாளிப்பும் வறுப்பும் இனி உன் கைக்கு வேண்டாம் என்று அத்தையே எங்கள் அடுப்புக்கு வந்து உட்கார்ந்தாள். தன் வீட்டிலேயே அம்மா தண்ணீர் தூக்கவும் மாவு இடிக்கவும் மட்டும் ஆனாள். மாரியம்மன் நோன்பில் ஊர்ப் பெண்கள் மாவிளக்கு எடுத்துப் போகையில் அவள் மட்டும் தெருமுனையில் வெறுங்கையோடு நிற்பாள். நானோ, வெட்கமில்லாமல், அத்தை அரைத்த துவையலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

என் கலியாணத்துக்கு முந்தின வாரம் ஒருமுறை வாயைத் திறந்தேன். இருவரும் தனியாக அம்மியடியில் இருந்தோம். "அம்மா, அன்னைக்கு மொளகா..." என்று தொடங்கினேன். "தேங்கா நறநறங்குது, இன்னும் ரண்டு இழுப்பு இழு சாமி" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பியை விழுங்கியவள் என்று பெயர் எடுத்த பெண்ணை எந்த வீட்டில் கட்டுவார்கள் என்று அந்த ஒரு நொடியில், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே அவள் கணக்குப் போட்டிருக்கிறாள் என்பது எனக்கு ஒரு மகள் பிறந்த பிறகுதான் புரிந்தது. அதற்கு மறு வருஷம் அம்மா இறந்தாள். அப்பா கடைசிவரை அவளிடம் பேசவில்லை.

இப்போது சேலத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் டாக்டர். இத்தனை காலத்துக்குப் பிறகு போன மாதம் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மா, அந்தக் கிருமி காய்ச்சலுக்குப் பத்து நாள் முன்னாடியே மாமா உடம்புல இருந்திருக்கும். மிளகாய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. உங்க மேல தப்பே இல்ல" என்றான். பெரியம்மையே உலகத்தில் இல்லாமல் போயிற்று என்றும் சொன்னான். பாரம் இறங்கினாற்போல ஒரு கணம் அழுதேன். அடுத்த கணம் அம்மாவின் நினைப்பு வந்தது. என் மேல் தப்பில்லை என்று சொல்ல எனக்கு ஒரு மகன் இருக்கிறான். அவளுடைய மகன் நாலு வயதில் போனான், இருந்த மகளோ வாயைத் திறக்கவில்லை. அப்பா இல்லை, அத்தை இல்லை, அவளைத் தெருமுனையில் நிறுத்திய ஊர்ப் பெண்களில் ஒருத்தியும் இன்று உயிரோடு இல்லை. அவள் வறுக்கவில்லை, நான்தான் வறுத்தேன் என்று இனி யாரிடம் போய்ச் சொல்ல?