இரண்டு செவலை நாய்கள்

விழுப்புரத்திலிருந்து கோலியனூர் போகும் சாலையில், கரும்பு வயல்களுக்கு நடுவே இருந்தது எங்கள் விலங்குகள் காப்பகம். பழைய நெல் குடோன்தான். இப்போது வேறு இடத்துக்கு மாறி, டைல்ஸ் தரை, கம்ப்யூட்டர் எல்லாம் வந்துவிட்டது. எனக்கோ இன்னும் அந்த ஓட்டைக் குடோன் மேல்தான் ஆசை. ஃபினாயில் வாடையும் கோழித்தலை போட்டு வேகும் சோற்று வாடையும் கலந்து வரும். வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், எனக்குப் பசிக்கும். காலையில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் அத்தனை நாய்களும் ஒன்றாகக் குரைக்கும். அப்படி ஒரு வரவேற்பு எனக்கு என் கல்யாணத்தில்கூடக் கிடைக்கவில்லை.

தெருநாய்களைப் பிடித்துவந்து கருத்தடை ஆபரேஷன் செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காது நுனியில் சின்னதாக வெட்டி அடையாளம் வைத்து, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவோம். இடம் மாறினால் அங்கே இருக்கிற நாய்கள் சும்மா விடாது, கடித்துக் குதறிவிடும். ஊர் ஊராகப் போய் மைக் பிடித்து இதைச் சொன்னவள் நான்தான்.

திண்டிவனத்தில் ஒரு தெருவில் நாய்களுக்கு விஷம் வைக்கிற பேச்சு வந்துவிட்டது. ஆபரேஷன் செய்து ஊசி போட்டுத் திருப்பி விடுகிறோம், நாய்களைக் கொடுங்கள் என்று போய்க் கெஞ்சினோம், யாரும் நம்பவில்லை. அங்கே பஞ்சர் கடை வைத்திருந்தவர் மட்டும் தன் செவலை நாயைத் தூக்கி வந்து எங்கள் வேனில் ஏற்றினார்.

"மொதல்ல எம் பொண்ண இட்டுக்கினு போங்க மேடம். இது நல்லபடியா திரும்பி வந்துச்சின்னா மத்தவங்களும் குடுப்பாங்க."

அந்தத் தெரு நாய்களின் உயிர் முழுக்க அந்த ஒரு நாய் திரும்புவதில் இருந்தது. அதே வாரம் கிளியனூரிலிருந்தும் ஒரு செவலை வந்து சேர்ந்தது. அதுவும் பெட்டைதான், அதே நிறம், அதே உயரம்.

கழுத்தில் நம்பர் சீட்டு கட்டச் சொல்லி ஆபரேஷன் செய்யும் எங்கள் டாக்டர் படித்துப் படித்துச் சொல்வார். எனக்கு அது மானப் பிரச்சினை. நாய் முகம் எல்லாம் எனக்கு அத்துப்படி என்று வாய் கிழியப் பேசுவேன். கூண்டு கழுவுவதற்காக இரண்டையும் வெளியே எடுத்து, திரும்ப மாற்றி அடைத்தது நான். முதல் நாள் ஒன்றைக் கிளியனூரில் விட்டுவிட்டு, மறுநாள் இன்னொன்றைப் பெருமையாகத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனதும் நான்.

பஞ்சர் கடைக்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், இது நம்ம பொண்ணு இல்லியே."

"ஆபரேஷன் ஆனா அப்படித்தாங்க தெரியும். இளைச்சிருக்கு."

அவர் என்னோடு வாதாடவில்லை. தன் டி.வி.எஸ். மொபெட்டை எடுத்து வந்து ஸ்டார்ட் செய்தார். "நம்ம பொண்ணு இந்தச் சத்தம் கேட்டாலே முன்னாடி வந்து குந்திக்கும்," என்றார். வேனில் இருந்த நாய் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது எங்க கீது?"

சொன்னேன். தையல் ஆறாத நாயை, தெரியாத ஊரில், ஒரு ராத்திரி முழுக்க விட்டிருக்கிறோம் என்பதையும் சொன்னேன். அவர் மொபெட்டைக் கிளியனூர்ப் பக்கம் திருப்பினார். நாங்கள் வேனில் பின்னாலேயே போனோம்.

கிளியனூரில் கதவைத் திறந்ததும் எங்களிடம் இருந்த செவலை குதித்து ஒரு வீட்டைப் பார்த்து ஓடியது. பஞ்சர் கடைக்காரருடையது ரோட்டோரச் சிறுபாலத்துக் குழாய்க்குள் கிடந்தது. ஒரே சேறு, கழுத்தில் பல் பட்ட காயம். நான் குனிந்து கூப்பிட்டதும் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டது. ஐந்து நாள் சோறு போட்டவள் நான், எனக்குக் கோபம்கூட வந்தது.

"நீங்க வண்டிய எடுத்துக்கினு தூரமா போயிடுங்க மேடம். உங்களைப் பார்த்தா அது வராது," என்றார் அவர்.

தள்ளிப் போய் வேனில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. நாய்களுக்காகவே வாழ்கிறேன் என்று மேடையில் பேசியவள், அந்த நாய்க்குப் பிள்ளை பிடிக்கிறவளாக இருந்திருக்கிறேன்.

ரொம்ப நேரம் கழித்து மொபெட் வந்தது. முன்னால் கால் வைக்கிற இடத்தில் செவலை ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. தையல் பிரியவில்லை. எங்களுக்குச் சற்றுத் தள்ளியே நிறுத்தினார்.

"மன்னிச்சிடுங்க," என்றேன்.

"பேஜாரா போச்சி, இன்னா பண்றது. தெருவுல நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்கி வாங்க, வெள்ளை நாய் ஒண்ணு கீது. நானே புடிச்சித் தர்றேன்."

மறுநாள் போனோம். சொன்னபடியே வெள்ளையைத் தூக்கி வந்து கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் தன் கறுப்பு நாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வியாபார நேரத்தில் பஞ்சர் கடையின் ஷட்டர் மட்டும் முக்கால்வாசி இறங்கியிருந்தது. அடியில் செவலையின் முன்கால்கள் இரண்டும் தெரிந்தன. நான் குனிந்து பார்க்கவில்லை.