பழைய குட்டைக்கே போன ஆமை

சானமாவு காட்டோரச் சாலையில் ஓசூரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். மாம்பழக் கூழ் ஆலையில் சீசன் முடிந்து எங்களை அனுப்பிவிட்டார்கள். பாதி வழி லாரியில் வந்தேன், மீதி நடை. செருப்பு அறுந்திருந்தது. பெரிதாக எதுவும் தோன்றவில்லை.

சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு ஆமை போய்க்கொண்டிருந்தது. லாரி வருவதற்குள் தூக்கி, அது போன பக்கமே இருந்த குட்டையில் விட்டேன். சேற்றில் புதைந்து மறைந்தது.

"யோவ், அங்க ஏன்யா வுட்ட?" ஆரஞ்சு கோட்டு போட்ட அக்கா ஒருத்தி எதிர்ப்பக்கமிருந்து ஓடிவந்தாள். கெலமங்கலத்துக்காரி. ஆமைகளைப் பிடித்துப் புதுக் குட்டையில் விடுவது அவள் வேலை. "நாளைக்குக் காலைல ரோட்டுக்காக இந்தக் குட்டைய மூடப் போறாங்க. அத இப்பத்தான் அந்தாண்ட புதுக் குட்டைல வுட்டுட்டு வந்தன். அதுக்குத்தான் புத்தியில்ல, உனக்குமா?"

இருவரும் முழங்கால் சேற்றில் இறங்கித் துழாவினோம். கல்லும் பிளாஸ்டிக் பையும்தான் கையில் வந்தன.

"புதுக் குட்டைல என்ன குறை?" என்றேன்.

"போயி பாரு. ஆஸ்பத்திரி கணக்கா இருக்குது."

பார்த்தேன். டேங்கரில் கொண்டுவந்து நிரப்பிய தெளிந்த தண்ணீர். சேறு இல்லை, பாசி இல்லை. கரையில் ஆமைகள் ஏறிப்போன தடம் மட்டும் சாலைப் பக்கமாக இருந்தது.

திரும்பி வந்து மறுபடி சேற்றில் துழாவிக்கொண்டிருந்தபோது, இருட்டுவதற்குள் சாலை வேலை இன்ஜினியர் வந்தார். அக்கா நடந்ததைச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். "பழைய குட்டைச் சேத்த மொதல்ல புதுசுல கொட்டுங்கன்னு வனத்துறையில சொன்னாங்க. அவசரத்துல விட்டுட்டோம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் மண்ணு கொட்ற டிப்பர நிறுத்தி வைக்கறேன். ஆளுதான் இல்ல." என்னைப் பார்த்தார். "படிச்சிருக்கியா?"

"எட்டாவது பாதி."

"சேத்துல எறங்குவியா?"

"எறங்கித்தான் சார் நிக்கறன்."

அக்கா சிரித்தாள். அன்று சிமென்ட் குழாய் ஒன்றுக்குள் படுத்துத் தூங்கினேன்.

காலையில் எனக்கு ஒரு சட்டி கொடுத்தார்கள். மண்வெட்டி கொடுக்கவில்லை, வெட்டினால் உள்ளே புதைந்திருக்கும் ஆமையின் ஓடு பிளந்துவிடும். சேற்றைக் கையால் துழாவி அள்ள வேண்டும், சாலையைக் கடக்க வேண்டும், புதுக் குட்டையில் கொட்ட வேண்டும். டிப்பர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு வரிசையாக நின்றன. நான் ஆமையை விட்ட ஓரத்திலிருந்தே ஆரம்பித்தேன்.