பக்கத்து சீட்டின் பிரேக்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் நல்ல டாக்டர் ஒருவரின் போன் நம்பர் கொடுத்தார். மற்றவர் ஒரு மெக்கானிக். அவர் டூல் பாக்ஸை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நடுராத்திரி, நாய் ஊளை, இதையெல்லாம் எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நல்ல வெயில்.

முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். அந்த மாதிரி வண்டிகளில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஓட்டக் கற்றுக்கொள்பவர் கோட்டை விட்டால் அம்மாவின் கால் அதை மிதிக்கும். இந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவே இல்லை. டாக்ஸியில் போனால்கூட முன்னால் உட்கார்ந்துகொண்டு வெறும் தரையை ஓங்கி மிதிப்பாள்.

"அம்மா, அங்க பிரேக் இல்ல."

"எனக்குத் தெரியும்டீ. என் காலுக்குத் தெரியல."

ஸ்கூலை மூடிய வருடம் காயலான் கடையிலிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டே சீட். என்னைவிட ஆறு வயது மூத்தது. கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்தது. எனக்குத் தலை சுற்றியது.

"ஆயுசு பூரா அடுத்தவங்க ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்தாச்சு. இத நான் ஓட்டுவேன். நீ பக்கத்துல உக்காரு, வாலு. ஏரி வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம்."

வாலு என்பது நான்தான். நாற்பத்து மூன்று வயது வாலு. பல் செட் செய்யும் லேபில் வேலை. வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். நான்கு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினோம். எனக்கு வேறு சிநேகிதம் எதுவும் கிடையாது. தேவைப்படவும் இல்லை.

பிரேக்கில் ஏர் எடுக்க, அதாவது ஆயில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, ஆயிலோடு காற்றை வெளியேற்றி மூட வேண்டும். அமுக்குவது அம்மா. படுப்பது நான். முப்பது வருடம் கத்தியதில் அம்மாவுக்குக் குரல் எழும்பாது. அதனால் டேஷ்போர்டின் மரப்பலகையில் விரல் முட்டியால் தட்டுவாள். அமுக்கிவிட்டால் ஒரு தட்டு. விட்டுவிட்டால் இரண்டு தட்டு. மூன்று தட்டு என்றால், என்ன செய்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு வெளியே வா.

கடைசி மாதம் அவளுக்கு உடம்பு முடியவில்லை. ஆனாலும் நான் வேலைக்குப் போனதும் ஷெட்டுக்குப் போய்விடுவாள். பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை ரிப்பேருக்காகக் கழற்றி வைத்திருந்தாள். ஒரு சாயங்காலம் நான் வந்தபோது அது பளபளவென்று வண்டியில் மாட்டியிருந்தது. முடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பன்னிரண்டாம் நாள் நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன்.

அப்புறம் பதினோரு மாதம். மீதி வேலைகளை நான் தனியாகச் செய்தேன். பக்கத்து சீட்டின் தரை துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்புத் தகடு போட்டு வெல்டு வைத்தேன். இரண்டு மில்லிமீட்டர் தகடு. சுத்தியலால் அடித்தாலும் லேசில் நெளியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிறு, 3:10. பிரேக்கில் ஏர் எடுக்க ஆரம்பித்தேன். ஆள் இல்லாததால் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தேன். ஓடி வந்து படுத்து, நிப்பிளைத் திறந்து, மூடி, மறுபடி ஓட வேண்டும். கட்டை நிற்கவே இல்லை, நழுவி நழுவி விழுந்தது. ஒரே ஒரு சக்கரத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. சொட்டுச் சொட்டாகத்தான் ஆயில் வந்தது. கட்டையைத் திட்டினேன். அம்மாவையும் கொஞ்சம் திட்டினேன், இப்படி விட்டுவிட்டுப் போனதற்கு.

4:20. இரண்டாவது சக்கரம். படுத்தேன். களைப்பு. ஸ்பேனரை மாட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில் சொன்னேன்.

"அமுக்கு."

டொக்.

நிப்பிளைத் திறந்தேன். ஆயில் பீய்ச்சி அடித்தது. மூடினேன்.

"விடு."

டொக் டொக்.

"அமுக்கு."

டொக்.

வேலை மளமளவென்று நடந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவது முடிந்தது. நான்காவது சக்கரத்துக்கு நகர்ந்து படுத்தேன். அப்போதுதான் என் தலைக்குப் பக்கத்தில் அது கிடப்பதைப் பார்த்தேன்.

கட்டை.

முட்டுக் கொடுக்க வேண்டிய கட்டை தரையில் கிடந்தது. அதை நான் வைக்கவே இல்லை...

வண்டிக்கு அடியிலிருந்து டிரைவர் பக்கம் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. நான் திறந்துதான் வைத்திருந்தேன்.

ஓடியிருக்க வேண்டும். யாராயிருந்தாலும் ஓடியிருப்பார்கள். நான் ஓடவில்லை. பயம் இல்லாமல் இல்லை, பல் கிட்டிக்கொண்டது. ஆனால் பதினோரு மாதமாக அந்த ஷெட்டில் என் பேச்சுக்கு யாரும் பதில் சொன்னதில்லை.

மெதுவாகச் சொன்னேன்.

"...அமுக்கு."

டொக்.

நான்காவது சக்கரத்தையும் முடித்தேன். மணி 5:02. ஸ்பேனரை எடுத்தேன்.

டொக். டொக். டொக்.

இந்தத் தடவை சத்தம் டிரைவர் பக்கத்திலிருந்து வரவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து வந்தது.

வெளியே வந்தேன். வண்டிக்குள் யாரும் இல்லை. டிரைவர் சீட்டில் உட்காரப் போனால் முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் அதன் ரெயிலில் மூன்று பல் முன்னால் தள்ளியிருந்தது. நான் உயரம். அம்மா குள்ளம்.

அழுதுவிட்டேன். சொல்ல என்ன வெட்கம்.

பெடல் கல் மாதிரி ஆகும்வரை வண்டியை எடுக்கக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். நான் பெடலை அமுக்கிக்கூடப் பார்க்கவில்லை. ஹேண்ட் பிரேக்குக்கு இன்னும் கேபிளே வரவில்லை. எனக்கு இருந்தது ஒரே அவசரம். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இறங்கிப் போவதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

டொக். டொக். டொக்.

"இரும்மா. ஒரே ஒரு ரவுண்டு."

5:11. எங்கள் தெரு சரிவு. கீழே மெயின் ரோடு, லாரி ஓடும் ரோடு.

டொக் டொக் டொக்.

சரிவு ஆரம்பித்தது.

டொக் டொக் டொக் டொக் டொக்...

பிரேக்கை மிதித்தேன்.

பெடல் தரைக்குப் போனது.

மறுபடி மிதித்தேன். ஒன்றுமே இல்லை. காற்று.

மெயின் ரோடு. ஹாரன். டேங்கர் லாரி.

கண்ணை மூடிக்கொண்டேன்.

தொம்!

வண்டி நின்றது.

லாரியின் காற்று முகத்தில் அடித்தது. கண்ணைத் திறந்தேன். எஞ்சின் அணைந்திருந்தது, கியரும் நியூட்ரலில் கிடந்தது. என் கால் இன்னும் அந்தச் செத்த பெடல்மேல் இருந்தது. காரின் மூக்கு ரோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அத்தனை சரிவில், ஒரு பிடிமானமும் இல்லாமல் நின்றது.

வண்டி உருளாமல் இருக்க முதல் கியரைப் போட்டேன். பக்கத்து சீட்டைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"விடும்மா."

டொக் டொக்.

வண்டி அரை அடி நகர்ந்தது. கியர் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை அந்த மெக்கானிக் வந்தார். வண்டியைக் கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்து வந்து மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினார். வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"மேடம், இதுக்குள்ள ரப்பரே இல்ல."

"இல்லன்னா?"

"பெடல அமுக்கினா பிரஷரே வராது. ஆயில் சொட்டும், அவ்வளவுதான். பீச்சி அடிச்சுதுன்னு சொன்னீங்க?"

"ஆமா."

"வண்டி நின்னுதுன்னும் சொன்னீங்க."

அம்மாவின் டூல் பாக்ஸின் அடித்தட்டில் தேடினேன். ரப்பர் கிட் பிரிக்காமல் இருந்தது. தூசி போகாமல் இருக்க வெறும் சிலிண்டரைத் துடைத்து மாட்டி வைத்திருக்கிறாள். முடித்துவிட்டாள் என்று நான் நினைத்திருக்கிறேன். கேட்கவே இல்லை. கிட்டின்மேல் டேப் ஒட்டி எழுதியிருந்தாள்.

'இன்னும் மாட்டல. வாலுகிட்ட சொல்லணும்.'

தேதி, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள்.

மெக்கானிக் பக்கத்து சீட் பக்கம் குனிந்தபடி கூப்பிட்டார். "இங்க என்ன மேடம் இடிச்சீங்க?" நான் வெல்டு வைத்த புதுத் தகட்டில் ஒரு பள்ளம். ஒரு காலின் அளவு. சின்னக் கால். குதிகாலின் வெளி ஓரம் மட்டும் கூடுதலாக அமுங்கியிருந்தது. அம்மாவின் செருப்பு எப்போதும் அந்த ஓரத்தில்தான் தேயும். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்போதுதான் அவர் டூல் பாக்ஸை மூடினார்.

ரப்பரை நானே மாட்டினேன். ஏரையும் நானே எடுத்தேன், கட்டையை வைத்து. இந்தத் தடவை கட்டை நழுவவில்லை. ஒவ்வொரு தடவையும் "அமுக்கு" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. பிரேக் இப்போது நன்றாகப் பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரி வரைக்கும் போய் வருகிறேன், பக்கத்து சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு.

அன்று அந்தப் பள்ளத்தை லேபில் பல் அளக்கும் காலிப்பரால் அளந்து எழுதி வைத்திருந்தேன். ஒன்பது மில்லிமீட்டர் ஆழம். போன மாதம் வண்டியைக் கழுவும்போது என்னவோ தோன்றியது, மறுபடி அளந்தேன்.

பதினொன்று.

நான் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டுகிறேன்.