தாங்கியில் மிஞ்சிய பெற்றோல்

"காலை 7.10: ஸ்னோ புளோவர் ஸ்ரார்ட் ஆகவில்லை. 7.35: அம்புலன்ஸுக்கு அழைத்தேன்." ஜனவரி மாதத்து நாட்குறிப்பில் நான் எழுதிய இரண்டு வரிகள். நடுவில் போன இருபத்தைந்து நிமிடங்களைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

அன்று என் மனைவியின் வலது கை திடீரென்று மரத்துப்போனது. மூளையில் இரத்தம் அடைத்து வரும் பாரிசவாதம் என்று எனக்குப் படவில்லை. புலம்பெயர்ந்து வந்த மில்லிக்கனில் எங்கள் வீட்டு வாசலில் முழங்காலளவு பனி. அதை வழித்துவிட்டு நானே காரில் கொண்டுபோகலாம் என்று அவளைச் சோபாவில் படுக்கவைத்துவிட்டு, கராஜுக்குள் பனி வாரும் ஸ்னோ புளோவரின் ஸ்ரார்ட் கயிற்றை இழுத்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று மருத்துவர் பிறகு சொன்னார். அவளுடைய கை இன்னும் வழங்கவில்லை.

பிழை இயந்திரத்தில் இல்லை. முந்தைய வசந்தத்தில் ஒதுக்கிவைத்தபோது தாங்கியில் மிஞ்சிய பெற்றோலை நான் எடுக்கவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலை மருந்துப் போத்தலில் வைத்து, இரண்டு துளி விட்டு ஸ்ரார்ட் செய்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். பெற்றோல் பழுதாகும் என்று கையேட்டில் வாசித்தும் நம்பவில்லை. அது பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துவிட்டது.

திருத்தி எடுத்த இயந்திரத்தை பனி முடிந்த இந்த ஏப்ரலில் ஒதுக்கிவைக்க ஆயத்தம் செய்தேன். அவள் கராஜ் வாசலில் கதிரை போட்டு இருந்தாள். குழாயால் பெற்றோலை உறிஞ்சி பிளாஸ்டிக் கானுக்குள் விட்டேன்.

"உதைக் கொட்டப் போறீங்களோ?"

"காருக்கு ஊத்துவன்."

"அதுதானே பாத்தன். உங்களுக்குக் கொட்ட மனம் வராது."

மீதி எரிந்து தீரட்டும் என்று இயந்திரத்தை ஓடவிட்டேன். இருமி நின்றது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி கயிற்றை இழுத்தேன். மறுபடியும். உள்ளங்கை உரிந்தது.

"அது செத்துப்போச்சு, விடுங்கோவன்."

"ஒரு சொட்டு நிண்டாலும் பிறகு அடைக்கும்."

இன்னும் இழுத்தேன். அவள் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"அண்டைக்கும் உப்பிடித்தான் இழுத்தனீங்களோ?"

"ஓம்."

"கனநேரமோ?"

"கொஞ்ச நேரம்."

 இயந்திரத்தின் பிளக்கைக் கழற்றி, துருப்பிடிக்காமலிருக்க உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டு மூடினேன்.

அன்று அவளைப் படுக்கவைத்த சோபா கராஜ்ச் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. நான் இழுத்த சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டு இன்னும் உறுதிசெய்யவில்லை.