இடது கன்னத்து மருந்து

விளக்கக்காவின் முகம் முழுக்கப் பள்ளம். பதினைந்து வயதில் வந்த பருக்கள் சீழ் கட்டி, உடைந்து, விட்டுப்போன தடங்கள். தோல் மருத்துவமனையில், வருபவர்களுக்குக் களிம்பு தடவி விளக்கு வெளிச்சம் காட்டும் ஒளி அறையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை; பெயரும் அதனால் வந்ததுதான். அந்த முகத்தைக் காட்டுவதும் அவர் வேலைதான். புதிதாக வந்தவர்கள் தயங்கினால் டாக்டர் கூப்பிடுவார். "விளக்கக்கா, கொஞ்சம் இங்க வாங்க. வெளிச்சத்துல நில்லுங்க." அக்கா வந்து நிற்பார். "கவனிக்காம விட்டா இப்படித்தான் ஆகும்." வந்தவர்கள் உடனே சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடுவார்கள். அக்கா சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார். நாங்களும் சிரிப்போம். பதினோரு வருடம் சிரித்திருக்கிறோம்.

அந்த வருடம் ஒரு புது மருந்தின் சோதனை நடந்தது. களிம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். மருந்தை வயிற்றில் அடக்கிக்கொண்டு மயிர்க்கால் வரை இறங்கிச் சும்மா உட்கார்ந்திருக்கும். மேலே விளக்கு வெளிச்சம் பட்டால்தான் வாய் திறக்கும். பருவுக்குள் இருக்கும் கிருமி அங்கேயே சாகும். ஆளுக்கு இரண்டு டியூப். வலது கன்னத்துக்கு ஒன்று, இடது கன்னத்துக்கு ஒன்று. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் களிம்பு. எதில் எது என்ற விவரம் ஒட்டிய உறைகளில் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் பிரிப்பார்கள். வாராவாரம் டியூப்களை எடை போட்டு எழுதுவது என் வேலை.

முதல் குழுவில் எட்டுப் பேர். ஆறு பேருக்கு வலது கன்னம் தெளிந்தது. "மருந்து வலதுலதான் இருக்கு தம்பி" என்றார் அக்கா. "பார்த்தாலே தெரியுதே" என்றேன் நானும். ஆளுக்கு ஆள் பக்கம் மாறும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். கண்ணால் கண்டதை விட்டுவிட்டு, காதில் விழுந்ததை யார் நினைத்துக்கொண்டிருப்பது?

இரண்டாவது குழுவில் ஓர் இடம் காலி. அக்கா டாக்டரிடம் கெஞ்சித் தன் மகளைச் சேர்த்தார். பதினைந்து வயது. கன்னம் இரண்டும் சிவந்து வீங்கி, ஒரு மாதமாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம். அடம்கூடப் பரவாயில்லை. ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று, "எனக்கும் உன் மூஞ்சி மாதிரி ஆயிடுமாம்மா?" என்று கேட்டாளாம். இதை என்னிடம் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஊரார் பிள்ளைக்குப் பாதி முகம் போதும். தன் பிள்ளைக்குப் போதுமா? அக்கா ஒளி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வலது டியூபையே பாதி பாதியாக இரண்டு கன்னத்திலும் தடவினார். எடை காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று, இடது டியூபில் அதே அளவைப் பிதுக்கித் தொட்டியில் கழுவிவிட்டார். மகளுக்கும் எனக்கும் மட்டும் இது தெரியும்.

மூன்றாவது வாரத்தில் மற்றவர்களுக்கு ஒரு பக்கமாவது தெளிந்தது. இவளுக்கு இல்லை. "உடம்பு வாகு. மெதுவாத்தான் கேக்கும்" என்றார் அக்கா. நான்காவது வாரம், ஆளுக்கு ஆள் பக்கம் மாறும் என்று டாக்டர் முதல் நாள் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் டாக்டரிடம் ஓடுவார், நானும் மாட்டுவேன். வாயை மூடிக்கொண்டு எடையை எழுதினேன்.

ஆறு வாரம் முடிந்து உறைகளைப் பிரித்தார்கள். "பதினாறாம் நம்பர். மருந்து இடது பக்கம்" என்று டாக்டர் படித்தார். பதினாறு அக்காவின் மகள். அம்மாவும் மகளும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கே. எடையெல்லாம் சரியா?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

"சரியா இருக்கு டாக்டர்" என்றேன்.

"அப்போ இந்தப் பொண்ணுக்கு மருந்து கேக்கல. கேட்டவங்களுக்கு மட்டும் இன்னொரு கன்னத்துக்கும் இலவசமா செஞ்சிடலாம்."

அக்கா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். அந்த வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. திறந்த வாயை மூடிக்கொண்டார். விழலுக்கு இறைத்த நீர் புல்லையாவது வளர்க்கும். மகளின் மருந்து சாக்கடைக்குப் போனது. எனக்கு வெட்கமாக இருந்தது. எடை நோட்டை மூடி வைத்தேன்.

வெளியே நடையில் வந்ததும் மகள் மெதுவாகச் சொன்னாள். "சும்மா விட்டிருந்தா பாதி மூஞ்சியாவது தப்பிச்சிருக்கும்மா."

அதற்குள் உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டார். "விளக்கக்கா, கொஞ்சம் இங்க வாங்க. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க."

புதிதாக ஓர் அப்பாவும் மகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் முதலில் அக்காவின் மகளைக் காட்டினார். "இப்ப இப்படி இருக்கும்." பிறகு அக்காவைக் காட்டினார். "விட்டா இப்படி ஆயிடும்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா, பதினோரு வருடப் பழக்கத்தில், அவள் மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.