பூநாரையின் முட்டி

பல ஊர் சுற்றிவிட்டு எண்ணூர் திரும்பியிருந்தேன். கழிமுகத்தில் பறவை பார்க்க வந்தவர்கள், இந்தக் குளிர்காலத்தின் முதல் பூநாரைகள் என்று போனில் செய்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் படமெடுக்கச் சேற்றில் இறங்கினான். கிளம்பிய சேற்று வாடையில் அம்மா நினைவு வந்தது.

அம்மா இங்கேதான் எறா பிடிப்பாள். பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவாள். நீச்சல் தெரியாது. பூநாரை நிற்கும் இடத்தில் ஆழமிருக்காது என்று நம்பி இறங்குவாள். ஒருநாள் அந்தப் பறவை நிற்கவில்லை, நீந்திக்கொண்டிருந்தது. அம்மா கழுத்துவரை போய்விட்டாள். சின்னம்மாதான் பார்த்துவிட்டு, முடியைப் பிடித்து இழுத்தாள்.

“கூவ வேண்டிதுதானே. வாய்ல இன்னா கொழுக்கட்டையா?”

“வாயத் தொறந்தா பறி வுழுந்துடும்டி. எறா எல்லாம் பூடும்.”

அதன்பிறகு பறவையின் முட்டி தெரிந்தால்தான் இறங்குவாள். கரையில் நின்று பார்த்துச் சொல்வது என் வேலை. பள்ளிக்கூடம் இருந்த நாளிலும் அதுதான் வேலை.

பையன் இடுப்பளவு போயிருந்தான். அவனுக்கு எதிரே இருந்த பூநாரைக்குக் காலே தெரியவில்லை. அம்மாவுக்குக் கத்துவது போலவே கத்தினேன்.

“முட்டி தெரில. ஏறி வா.”